தொட்டி மூலையில் தனியாக நிற்கும் மீன்

கேள்வி: வணக்கம் டாக்டர். கொளத்தூரில் கலர் மீன் வளர்த்து விற்கிறேன். மொட்டை மாடியில் 14 கண்ணாடித் தொட்டி, கீழே 6 சிமெண்ட் தொட்டி. மாலி, கப்பி, ஜீப்ராதான் அதிகம். என் மகனுக்கு 4 வயது முடிந்துவிட்டது. இன்னும் பேச்சு வரவில்லை. கூப்பிட்டால் திரும்ப மாட்டான். மீன் தொட்டி முன்னால் மட்டும் மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பான். போன மாதம் ஆட்டிசம் என்று சொல்லிவிட்டார்கள். அதே வாரம் ஒரு கல்லூரியிலிருந்து ஆராய்ச்சிக்கு ஜீப்ரா மீன் கேட்டு வந்தார்கள். என்ன ஆராய்ச்சி என்று கேட்டேன், ஆட்டிசம் என்றார்கள். தூக்கிவாரிப் போட்டது. மீனுக்கு ஆட்டிசம் வருமா? என் தொட்டியில் ஒரு மீன் எப்போதும் மூலையில் தனியாக நிற்கிறது, அதுவும் அப்படித்தானா? மனைவி மாசமாக இருந்தபோது தொட்டி மருந்தைக் கையால் தொட்டதால்தான் பிள்ளை இப்படி ஆனான் என்று என் அம்மா சொல்கிறார், உண்மையா? மீனை வைத்து மருந்து கண்டுபிடித்தால் என் பையன் பேசுவானா? அதுவரை ஸ்டெம் செல் ஊசி போடலாம் என்கிறார் ஒருவர், போடலாமா? என் பிள்ளைக்காக மீன்கள் சாவது பாவம் இல்லையா?

பதில்:

ஐயா, வணக்கம். உங்கள் கடிதத்தில் ஆறு கேள்விகள். மூன்றாவதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். மற்றவை நாளைக்குக்கூடக் காத்திருக்கும். இந்த ஒன்றை நினைத்து உங்கள் வீட்டில் ஒருவர் இன்று ராத்திரியும் தூங்காமல் படுத்திருப்பார்.

உங்கள் மனைவி எதுவும் தவறு செய்யவில்லை. இரட்டையர்களையும் பெரிய பெரிய குடும்பங்களையும் வைத்துச் செய்த ஆய்வுகள் ஆட்டிசத்தில் மரபணுக்களின் பங்குதான் மிகப் பெரியது, சுமார் 80 சதவீதம் என்று மதிப்பிடுகின்றன. மரபணு என்றதும் 'யார் பக்கத்திலிருந்து வந்தது' என்று அடுத்த சண்டையை ஆரம்பிக்காதீர்கள். பல குழந்தைகளிடம் காணப்படும் மாற்றம் அப்பாவிடமும் இருக்காது, அம்மாவிடமும் இருக்காது. முட்டையோ விந்தணுவோ உருவாகும்போது புதிதாக நேர்ந்ததாக இருக்கும். கர்ப்ப காலத்தில் உட்கொள்ளும் மருந்துகளில் ஆட்டிச வாய்ப்பைக் கூட்டுவதாக நன்றாக நிறுவப்பட்ட ஒன்று, வலிப்புக்குக் கொடுக்கும் வால்புரோயேட். உங்கள் மனைவிக்கு வலிப்பு நோய் இருந்து அந்த மாத்திரை சாப்பிட்டிருந்தால் அதை மட்டும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

பழியைத் தாய் தலையில் கட்டுவது பழைய வழக்கம். போன நூற்றாண்டின் நடுவில் அமெரிக்காவில் படித்த மனநல மருத்துவர்களே தாயின் பாசம் குளிர்ந்துபோனதுதான் ஆட்டிசத்துக்குக் காரணம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். 1998-இல் வந்த ஒரு மருத்துவக் கட்டுரையால் தடுப்பூசி மேல் பழி விழுந்தது. அந்தக் கட்டுரையை அதை வெளியிட்ட மருத்துவ இதழே 2010-இல் திரும்பப் பெற்றது. இப்போது உங்கள் வீட்டில் தொட்டி மருந்து. உங்கள் அம்மாவிடம் இதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். மருமகள் சொன்னால் எடுபடாது. (மாலகைட் கிரீன் மாதிரி மருந்தை யாராக இருந்தாலும் கையுறை போட்டுத்தான் தொட வேண்டும். அது வேறு விஷயம், அதையும் செய்யுங்கள்.)

சரி, மீனுக்கு வருவோம்.

மீனுக்கு ஆட்டிசம் வராது. ஒரு குழந்தை பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறதா, வேண்டியதை விரலால் சுட்டிக் காட்டுகிறதா, பொம்மைக்குச் சோறு ஊட்டுவதுபோல விளையாடுகிறதா, ஒரே செயலை விடாமல் திரும்பத் திரும்பச் செய்கிறதா என்று பார்த்துத்தான் ஆட்டிசம் என்று முடிவு செய்கிறோம். ரத்தப் பரிசோதனையில் தெரிவது இல்லை இது. சுட்டிக்காட்ட விரலே இல்லாத மீனிடம் இதையெல்லாம் எப்படித் தேடுவது? மூலையில் நிற்கும் உங்கள் மீனைப் பற்றி என்னைவிட உங்களுக்குத்தான் அதிகம் தெரியும். செவுளில் ஒட்டுண்ணியா, வயிறு ஒட்டியிருக்கிறதா, மற்ற மீன்கள் விரட்டுகின்றனவா, தண்ணீரில் அம்மோனியா ஏறிவிட்டதா என்று பாருங்கள். தனித் தொட்டியில் விட்டுக் கொஞ்சம் கல்லுப்புப் போட்டுப் பாருங்கள். கூட்டமாகத் திரியும் ஜீப்ரா தனியாக நின்றால் உடம்பு சரியில்லை என்று எடுத்துக்கொள்வதுதான் உங்கள் தொழில் வழக்கம். அதுவே சரி.

அப்படியென்றால் ஆய்வகத்தில் என்னதான் செய்கிறார்கள்? ஆட்டிசம் உள்ள சில குழந்தைகளிடம் ஒரு குறிப்பிட்ட மரபணு பழுதாகியிருப்பது தெரிய வருகிறது. அதே மரபணு மீனிடமும் இருக்கிறது. மீனில் அதை வேண்டுமென்றே பழுதாக்கிவிட்டு மூளை எப்படி வளர்கிறது, குஞ்சு எப்படித் தூங்குகிறது, எதற்குத் துள்ளுகிறது என்று பார்க்கிறார்கள். மோட்டார் ஓடவில்லை என்றால் ஒவ்வொரு ஒயராகக் கழற்றிப் பார்ப்போமே, அந்த மாதிரி. கழற்றுவது ஒரு ஒயர், கேட்பது ஒரு கேள்வி. 'ஆட்டிச மீன்' என்பது தலைப்புச் செய்திக்காரர்கள் வைத்த பெயர்.

ஏன் இந்த மீன்? நான் தண்டையார்பேட்டையில் வளர்ந்தேன். ஞாயிற்றுக்கிழமை அப்பா மூர் மார்க்கெட்டுக்குக் கூட்டிப் போவார். 1985-இல் அது எரிவதற்கு முந்தைய கதை இது. பிளாஸ்டிக் பையில் தண்ணீர் கட்டி, அதில் நாலு ஜீப்ரா போட்டுக் கொடுப்பார்கள். கடையிலேயே விலை குறைந்த மீன் அதுதான். அதனால்தான் அதை வாங்குவோம். பிற்காலத்தில் ஒரு ஆய்வகத்தில் கொஞ்ச காலம் வேலை பார்க்கப் போனபோது, கூரை வரை அடுக்கிய தொட்டிகளில் அதே மீன் ஓடுவதைப் பார்த்துச் சிரிப்பு வந்தது. அங்கே அதற்கு இருந்த மரியாதையைப் பார்த்திருந்தால் அப்பாவும் சிரித்திருப்பார்.

இது நம் நாட்டு மீன். கங்கை வட்டார ஆறுகளின் மீன்களைப் பற்றி எழுதிய பிரான்சிஸ் ஹாமில்டன் 1822-லேயே இதை வருணித்துப் பெயரிட்டிருக்கிறார். ஆய்வகத்துக்குள் கொண்டுபோனவர் ஜார்ஜ் ஸ்ட்ரைசிங்கர். அமெரிக்காவில் ஓரிகன் பல்கலைக்கழகத்தில் இருந்தார், மீன் வளர்ப்பில் அவருக்கும் பைத்தியம் உண்டு. ஒரே மரபு கொண்ட ஜீப்ரா மீன்களை உருவாக்கிக் காட்டிய அவருடைய கட்டுரை 1981-இல் வந்தது. உலகம் முழுக்க ஆய்வகங்களில் இன்று ஓடுகிற 'ஏபி' என்ற வகையின் மூதாதை மீன்கள் ஓரிகன் வட்டாரத்து வளர்ப்பு மீன் கடையில் வாங்கியவை. உங்கள் மாதிரி ஒரு கடைக்காரர் கையிலிருந்து தொடங்கியது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முட்டைக்கு நீங்கள் என்ன செய்கிறீர்கள்? தொட்டி அடியில் கோலிக்குண்டு பரப்பி, பெற்ற மீனே முட்டையைத் தின்றுவிடாமல் பார்த்துக்கொள்கிறீர்கள். விடிந்து வெளிச்சம் விழுந்ததும் முட்டையிடும் என்று காத்திருக்கிறீர்கள். ஆய்வகத்திலும் இதேதான். ராத்திரி ஆணுக்கும் பெண்ணுக்கும் நடுவே ஒரு தடுப்பு, காலையில் விளக்கு எரிந்ததும் தடுப்பை எடுத்துவிடுவார்கள். முட்டை கீழே சல்லடை வழியாக விழும். ஒரு பெண் மீனிடம் ஒரே காலையில் 200 முட்டைக்குமேல் கிடைக்கும். தண்ணீரை 28.5 டிகிரியில் வைக்கக் குளிர் நாடுகளில் ஹீட்டருக்கே தனியாகச் செலவு செய்கிறார்கள். கொளத்தூரில் வருஷத்தில் பாதி நாள் அது சும்மா கிடைக்கிறது.

முட்டை கண்ணாடி போல இருக்கும், கரு தாயின் வயிற்றுக்கு வெளியே வளரும். இந்த இரண்டும்தான் விஷயம். எலிக்குஞ்சின் மூளை வளர்வதைப் பார்க்க வேண்டுமென்றால் தாய் வயிற்றைத் திறக்க வேண்டும். மீனில் லென்ஸ் வழியே பார்த்தால் போதும். ஒரு நாளில் உடம்பின் வடிவம் வந்துவிடும், இதயம் துடிப்பது தெரியும். இரண்டு மூன்று நாளில் பொரிக்கும். ஐந்தாம் நாள் இரை தேடி நீந்தும். அந்த வயதில் அதன் மூளையில் சுமார் 1 லட்சம் நரம்பணுக்கள். நம் மூளையில் சுமார் 8,600 கோடி. 1 லட்சம் என்பது எண்ணிப் பார்க்கக்கூடிய கணக்கு. நரம்பணு வேலை செய்யும்போது ஒளிரும்படி மீனின் மரபணுவை மாற்றி, உயிருள்ள குஞ்சின் மூளையில் 80 சதவீதத்துக்கும் மேற்பட்ட நரம்பணுக்களை ஒவ்வொன்றாகப் படம் பிடித்துக் காட்டினார்கள், 2013-இல். அந்தப் படத்தை முதல் முறை பார்த்தபோது எனக்குத் தீபாவளி ராத்திரி மாடியிலிருந்து ஊரைப் பார்ப்பது போல இருந்தது. அதே 2013-இல் இந்த மீனின் மரபணுத் தொகுப்பும் முழுமையாக வெளிவந்தது. மனித மரபணுக்களில் சுமார் 70 சதவீதத்துக்கு மீனிடம் இணை உண்டு என்று தெரிந்தது.

இனி நான் முக்கியம் என்று நினைக்கும் ஆய்வுகள். எல்லாவற்றையும் சொல்லப் போவதில்லை.

'சிஎச்டி8' என்று ஒரு மரபணு. இது பழுதான 15 பேரைப் பற்றி 2014-இல் ஒரு கட்டுரை வந்தது. அவர்களில் பலருக்குத் தலை சற்றுப் பெரிது, ஆட்டிசம் உண்டு, கூடவே விடாத மலச்சிக்கல். அதே கட்டுரையில் மீனிலும் அந்த மரபணுவை முடக்கிப் பார்த்தார்கள். மீன்குஞ்சின் தலையும் பெரிதானது. குடலில் இருக்க வேண்டிய நரம்பணுக்கள் குறைந்திருந்தன. ஒளிரும் பொருள் கலந்த இரையைக் கொடுத்தபோது அது குடலில் மெதுவாக நகர்வது வெளியிலிருந்தே தெரிந்தது. உடம்புதான் கண்ணாடியாயிற்றே.

எனக்கு இது ஏன் முக்கியம் என்றால், ஓ.பி.யில் உட்கார்ந்தால் ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் அம்மாக்கள் பாதிப் பேர் 'டாக்டர், நாலு நாளா மோஷன் போகலை' என்பார்கள். முன்பெல்லாம் நாங்கள் இதைக் காதில் போட்டுக்கொள்ளவே மாட்டோம். 'சாப்பாட்டில் அடம் பிடிக்கிறான், காய்கறி கொடுங்க' என்று அனுப்பிவிடுவோம். நானும் அப்படி அனுப்பியிருக்கிறேன். மூளையைக் கட்டும் அதே மரபணு குடலின் நரம்பையும் கட்டுகிறது என்று மீனில் பார்த்த பிறகு அந்த அம்மாக்களின் பேச்சு வேறு மாதிரி கேட்கிறது. இது ஒரு மரபணுவின் கதைதான், எல்லாப் பிள்ளைக்கும் குடல் நரம்பு குறைவு என்று அர்த்தம் இல்லை. ஆனால் வயிற்று வலியை வாயால் சொல்லத் தெரியாத பிள்ளை தலையை முட்டிக்கொள்வான், கடிப்பான், ராத்திரி எழுந்து கத்துவான். அதற்கு 'பிடிவாதம்' என்று பெயர் வைத்துவிடுவோம். உங்கள் பையன் வாரத்துக்கு எத்தனை தடவை போகிறான், கெட்டியாகப் போகிறானா என்று இரண்டு வாரம் குறித்து வையுங்கள். அடுத்த தடவை டாக்டரிடம் போகும்போது முதலில் அதைக் காட்டுங்கள். மலச்சிக்கலுக்கு மருந்து இருக்கிறது. இன்றைக்கே இருக்கிறது.

இரண்டாவது, தூக்கம். எலி ராத்திரியில் ஓடும், பகலில் தூங்கும். ஜீப்ரா நம்மைப் போல ராத்திரியில் தூங்கும். 96 சிறு குழிகள் உள்ள ஒரு தட்டில் குழிக்கு ஒரு குஞ்சு விட்டு, மேலே கேமரா வைத்து, இரவும் பகலும் அசைவைக் கணக்கெடுப்பார்கள். 'சிஎன்டிஎன்ஏபி2' என்ற மரபணு பழுதான குஞ்சுகள் ராத்திரி முழுக்க அலைந்தன. மூளையில் ஓட்டத்தை அடக்குகிற நரம்பணுக்கள் குறைந்திருந்தன. கார் ஓடுகிறது, பிரேக் தேய்ந்துபோயிருக்கிறது என்பது மாதிரி. அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் வரும் இந்த மரபணுவின் இரண்டு படிகளும் பழுதான மனிதக் குழந்தைகளுக்கு வலிப்பும் வரும், ஆட்டிசமும் பலருக்கு உண்டு. யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எல்லன் ஹாஃப்மன் குழு 2016-இல் இந்த மீன்களிடம் பல மருந்துகளைப் போட்டுப் பார்த்தது. பெண்களின் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் போல வேலை செய்யும் பொருட்கள் ராத்திரி அலைச்சலை அடக்கின. அதில் ஒன்று பயோசானின் ஏ என்ற தாவரப் பொருள். இது கொண்டைக்கடலையிலும் இருக்கிறது.

இதைச் சொல்லத் தயக்கமாகத்தான் இருந்தது. தினம் சுண்டல் கொடுத்தால் ஆட்டிசம் போய்விடும் என்று நாளைக்கே ஒரு வாட்ஸ்அப் வரும். வந்தால் இதைச் சொல்லுங்கள்: ஐந்தாறு நாள் வயதுள்ள மீன்குஞ்சு, அதில் ஒரே ஒரு மரபணு பழுது, தண்ணீரில் கரைத்த மருந்து, குறைந்தது ராத்திரி அலைச்சல் மட்டும். ஆராய்ச்சியாளர்களுக்கு இது மூளையில் எந்த வழி கெட்டிருக்கிறது என்பதற்கான தடயம். சமையல் குறிப்பு இல்லை. சுண்டல் நல்லதுதான், மலச்சிக்கலுக்கு வேண்டுமானால் கொடுங்கள்.

மருந்து எப்போது வரும் என்று கேட்டீர்கள். இதற்கு டிராவே என்ற கடுமையான குழந்தைப் பருவ வலிப்பு நோயின் கதையைச் சொல்கிறேன். அந்தப் பிள்ளைகள் பலருக்கு ஆட்டிசமும் சேர்ந்தே இருக்கும். அதற்குரிய மரபணு பழுதான மீன்களுக்கும் வலிப்பு வருகிறது. கலிபோர்னியாவில் ஸ்காட் பராபன் குழு அந்த மீன்களில் சுமார் 320 பொருட்களைச் சோதித்தது. கிளெமிசோல் என்ற, யாரும் கண்டுகொள்ளாமல் கிடந்த ஒரு பழைய அலர்ஜி மருந்து வலிப்பை அடக்கியது. கட்டுரை வந்தது 2013-இல். அதற்குப் பிறகு பத்து வருஷத்துக்கு மேல் ஓடியும் மனிதர்களிடம் சோதிக்கும் கட்டத்தைத்தான் அந்த மருந்து எட்டியிருந்தது. ஒரே மரபணு, அளந்து பார்க்கக்கூடிய வலிப்பு, ஏற்கெனவே மனிதர்கள் சாப்பிட்டுப் பழகிய மருந்து. எல்லாம் சாதகமாக இருந்தும் இத்தனை வருஷம். உங்கள் மகனுக்கு இருப்பது எந்த மரபணு, ஒன்றா பலவா என்றே இன்னும் பார்க்கவில்லை. அவனுடைய பள்ளிப் பருவத்துக்குள் மீனிலிருந்து ஒரு மருந்து வந்து பேச்சைக் கொடுக்கும் என்று நான் சொன்னால் அது பொய்.

மீனைத் தாண்டி எலியில் நன்றாக வேலை செய்தவையே பிள்ளைகளிடம் வந்து தோற்றிருக்கின்றன. புமெட்டனைடு என்று நீர் பிரிய வைக்கும் மாத்திரை ஒன்று. எலியில் நல்ல பலன், சிறிய மனிதச் சோதனையிலும் நம்பிக்கை. 400-க்கும் மேற்பட்ட பிள்ளைகளை வைத்துப் பெரிய அளவில் பார்த்தபோது மருந்தே இல்லாத பொய் மாத்திரைக்கும் அதற்கும் வித்தியாசம் இல்லை. 2021-இல் நிறுத்திவிட்டார்கள். ஆக்சிடோசின் என்ற ஹார்மோனின் மூக்கு ஸ்பிரேயும் அதே வருஷம் 290 பிள்ளைகளிடம் பலன் தரவில்லை. இன்று ஆட்டிசத்துக்கென்று கொடுக்கும் ரிஸ்பெரிடோன், அரிபிபிரசோல் இரண்டும் கடும் எரிச்சலையும் ஆவேசத்தையும் தணிக்கத்தான். பேச்சை வரவழைக்கும் மாத்திரை எதுவும் கடையில் இல்லை.

மீனுக்கும் எல்லை உண்டு. நம் மூளையின் மேலே மடிப்பு மடிப்பாக இருக்கும் புறணி மீனிடம் இல்லை. பேச்சுக்கு மீனில் எதையும் தேட முடியாது. மீன் இனத்தின் முன்னோர்களில் மரபணுத் தொகுப்பே ஒரு முறை இரட்டிப்பானதால் சில மரபணுக்கள் அதனிடம் இரண்டு படிகளாக இருக்கின்றன. ஒன்று பழுதானால் இன்னொன்று சமாளித்துவிடும். பழைய ஆய்வுகள் சில மரபணுவை மாற்றாமல் தற்காலிகமாக அமுக்கி மட்டும் செய்யப்பட்டவை. பிறகு மரபணுவையே வெட்டிப் பார்த்தபோது அவற்றில் பலவற்றின் முடிவு அப்படியே வரவில்லை. மூன்று வார வயதுக்குப் பிறகுதான் இந்த மீன் சக மீனின் பக்கம் போய் நிற்க ஆரம்பிக்கும். அதை அளந்து 'சமூக நடத்தை' என்று எழுதுகிறார்கள். அந்தச் சொல்லை அப்படியே நம்பிவிடாமல் கொஞ்சம் சந்தேகத்தோடு படியுங்கள்.

ஸ்டெம் செல் ஊசி வேண்டாம். யார் சொன்னாலும் வேண்டாம். ஆட்டிசத்துக்கு ஸ்டெம் செல் சிகிச்சையைப் பரிந்துரைக்க முடியாது என்று தேசிய மருத்துவ ஆணையத்தின் நெறிமுறைப் பிரிவு 2022-லேயே சொல்லிவிட்டது. பல லட்சம் கேட்பார்கள், வீட்டை அடமானம் வைக்கவும் சொல்வார்கள். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் லாரியை விற்று மூன்று தடவை போட்டது. பிள்ளை முதுகில் ஊசி குத்திய இடம் வலித்து அழுததுதான் மிச்சம். ஒருவர் உங்களிடம் வந்து 'மீனில் நிரூபித்திருக்கிறார்கள்' என்று ஆரம்பித்தால், எத்தனை நாள் வயது மீன், எந்த மரபணு என்று கேளுங்கள். அதற்குமேல் அவர் பேச மாட்டார்.

அப்புறம், நீங்கள் கேட்காத ஒன்று. கடிதத்தைப் படித்ததும் என் மனதில் முதலில் விழுந்தது கீழே இருக்கும் அந்த 6 சிமெண்ட் தொட்டிதான். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்குத் தண்ணீரின் மேல் ஒரு ஈர்ப்பு இருக்கும், ஆபத்து தெரியாது, சத்தம் போடாமல் நழுவிப் போய்விடுவார்கள். தண்ணீரில் விழுந்து இறக்கும் அபாயம் மற்ற பிள்ளைகளைவிட இவர்களுக்குப் பல மடங்கு அதிகம். கொசுவலை போதாது. ஒவ்வொரு தொட்டிக்கும் இரும்புக் கம்பி வலை மூடி போட்டுப் பூட்டுங்கள், மாடிக்கதவுக்கு அவன் கை எட்டாத உயரத்தில் தாழ்ப்பாள் வையுங்கள். இந்த வாரமே செய்யுங்கள்.

பிறகு காது. நாலு வயதில் பேச்சில்லை, கூப்பிட்டால் திரும்பவில்லை என்றால், ஆட்டிசம் என்று சொன்ன பிறகும் காது கேட்கிறதா என்று பார்க்கும் பெரா பரிசோதனை ஒன்று எடுத்திருக்க வேண்டும். எடுக்கவில்லை என்றால் எடுங்கள். பேச்சுப் பயிற்சி, அன்றாட வேலைகளைப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபி, சிறப்பு ஆசிரியர் எல்லாம் ஒரே இடத்தில் இலவசமாகக் கிடைக்க, அரசின் மாவட்ட ஆரம்ப இடையீட்டுச் சேவை மையத்தைக் கேளுங்கள். சான்றிதழும் வாங்கி வையுங்கள், 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் ஆட்டிசம் சேர்ந்திருக்கிறது. மரபணுப் பரிசோதனை எல்லோருக்கும் அவசரம் இல்லை. வலிப்பு இருந்தாலோ, தலை வழக்கத்தைவிடப் பெரிதாகவோ சிறிதாகவோ இருந்தாலோ, நீங்கள் சொந்தத்தில் கட்டியிருந்தாலோ, அடுத்த பிள்ளை பெறும் யோசனை இருந்தாலோ டாக்டரிடம் அது பற்றிப் பேசுங்கள். குறிப்பிட்ட மரபணு ஒன்று தெரியவந்தால், நான் மேலே சொன்ன மீன் ஆய்வுகள் அப்போதுதான் உங்கள் பையனுக்குக் கொஞ்சமாவது பொருந்த ஆரம்பிக்கும்.

பாவத்தைப் பற்றிக் கேட்டீர்கள். என்னால் முடிந்த பதில் இது. மீனுக்கு வலி இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். அறுவை செய்யும் முன் மயக்க மருந்து கலந்த தண்ணீரில் விடுவது ஆய்வக வழக்கம், எத்தனை மீன் வேண்டும், ஏன் வேண்டும் என்று விலங்கு நெறிக் குழுவிடம் எழுதி ஒப்புதல் வாங்க வேண்டும். கல்லூரிக்காரர்களிடம் அந்த ஒப்புதலைக் காட்டச் சொல்லுங்கள். காட்டினால் கொடுங்கள், மழுப்பினால் கொடுக்காதீர்கள். கொடுக்கும்போது கடைசியாக எந்த மருந்து, எந்தத் தேதியில் போட்டீர்கள் என்று எழுதிக் கொடுங்கள். மருந்து உடம்பில் மிச்சமிருக்கும் மீனின் நடத்தையை அளந்தால் அவர்கள் ஆய்வு வீண், மீனும் வீணாகச் சாகும். அந்தப் பாவத்தை நீங்கள் தடுக்கலாம்.

கடைசியாகத் தொட்டி முன்னால் உட்காரும் உங்கள் பையன். அவனை அங்கிருந்து இழுக்காதீர்கள். தெரபிஸ்ட் ஆயிரம் ரூபாய் பொம்மை வைத்துத் தேடுகிற ஆசை அவனிடம் தானாக இருக்கிறது. மீனுக்கு இரை போடும் நேரத்தை அவனுடைய நேரமாக்குங்கள். காலை ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. இரையை அவனால் திறக்க முடியாத கண்ணாடி டப்பாவில் போட்டு, அவன் கண் உயரத்தில் உங்கள் முகத்துக்குப் பக்கத்தில் பிடியுங்கள். பேசாமல் பத்து எண்ணும் வரை காத்திருங்கள். இதுதான் கஷ்டம், நமக்கு வாய் சும்மா இருக்காது. அவன் கையை நீட்டினால், உங்களைப் பார்த்தால், ஏதாவது ஒலி எழுப்பினால், உடனே 'போடு' என்று ஒரே ஒரு சொல் சொல்லி ஒரு சிட்டிகை போடுங்கள். மீன் எல்லாம் மேலே வரும், அதுதான் அவனுக்குக் கூலி. மறுபடி நிறுத்துங்கள், மறுபடி காத்திருங்கள். ஐந்தாறு சிட்டிகை போதும், அதிகம் போட்டால் தண்ணீர் கெடும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 'சொல்லு, சொன்னாத்தான் போடுவேன்' என்று மட்டும் மிரட்டாதீர்கள். ஒன்றும் செய்யவில்லை என்றாலும் கடைசியில் 'போடு' என்று சொல்லி நீங்களே போட்டுவிடுங்கள். உங்கள் அம்மாவையும் ஒரு சாயங்காலம் டப்பாவைப் பிடிக்கச் சொல்லுங்கள்.

ஒரு பழைய நோட்டில் தேதி போட்டு எத்தனை தடவை கையை நீட்டினான், எத்தனை தடவை உங்கள் முகத்தைப் பார்த்தான் என்று குறித்துக்கொண்டு, ஒரு மாதம் கழித்து எனக்கு மறுபடி எழுதுங்கள். காது பரிசோதனை ரிப்போர்ட்டில் என்ன வந்தது என்றும் எழுதுங்கள்.